மருந்துக் கோப்பி

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத்தான் அது தொடங்கியது. நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. உம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “மணி என்ன மகள்?” என்று கேட்டார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, “ரெண்டு பத்து” என்றேன். உம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, மணிக்கூடு பார்க்கவும் தெரியாது. வீட்டில் அந்த இரண்டு வேலைகளும் என்னுடையவை. ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“பதுளை லொறி வந்திரிக்காம். நான் கல்முனைக்குப் போய்க் கொட்டை பாத்து எடுத்திட்டு வாறன். அஸருக்கு முன்னுக்கு ராத்தாக்கு மருந்துக் கோப்பி ஊத்திக் குடு. தூள் போத்தலுக்க இரிக்கு, மருந்து பேணிக்க இரிக்கு. தண்ணி நல்லாக் கொதிக்கோணும். விளங்கிச்சா?”

“ஓம்” என்றேன். விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

ராத்தா, என் அக்கா, பிள்ளை பெற்று அன்று ஒன்பதாவது நாள். உள் அறையில் யன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளையோடு படுத்திருந்தார். ராத்தாவின் கணவர், மச்சான், ஒலுவிலில் இருந்து ஆழ்கடலுக்குப் போன படகில் இருந்தார். திரும்ப இன்னும் நாட்கள் இருந்தன. வாப்பா மௌத்தாகி மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது கோப்பித் தூள். வாசலுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் எங்கள் வீட்டுக்குக் கோப்பிக்கார வீடு என்றுதான் பெயர்.

உம்மா தூள் செய்வதைச் சும்மா ஒரு வீட்டு வேலை என்று நினைத்துவிடக் கூடாது. கொட்டையைச் சாக்கோடு வாங்கமாட்டார். சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் இருந்து ஒரு பிடி எடுத்து, பல்லில் கடித்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் பல்லில் ஒட்டும் என்பார். வறுக்கும்போது யாரோடும் கதைக்கமாட்டார். தாச்சியில் கொட்டை முதலில் பச்சை வைக்கோல் போல மணக்கும், பிறகு பாண் சுடுகிற மணம் வரும், அதற்குப் பிறகுதான் கோப்பி மணம். கொட்டை ஒரு தரம் படபடவென்று வெடித்து ஓயும். இரண்டாம் வெடிப்புத் தொடங்குகிறதற்குள் தாச்சியை இறக்கிச் சுளகில் கொட்டி விசிறிவிட வேண்டும். அந்த இடைவெளியை உம்மா காதால் பிடிப்பார். அந்த நேரத்தில் நான் இருமினாலும் முறைப்பார்.

அந்தக் காலத்தில் தூள் விற்ற பலர் வறுத்த சோளனை இடித்துக் கோப்பியில் கலந்தார்கள். நிறம் நன்றாக வரும், வாங்குகிறவருக்கும் தெரியாது. உம்மா கலக்கமாட்டார். யாராவது சந்தேகப்பட்டால் ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவிக் காட்டுவார். கோப்பித் தூள் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கும். சோளன் தூள் உடனே கீழே இறங்கி, இறங்குகிற வழியெல்லாம் நிறம் விட்டுக்கொண்டு போகும். “மிதக்கிறது கோப்பி. தாழுறது சோளன். இத விட என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டு அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுவார்.

வெறும் கோப்பித் தூளை விட உம்மாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மருந்துக் கோப்பி. பிள்ளை பெற்ற வீடு, காய்ச்சல் வீடு, இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதும் வீடு என்று எங்கிருந்தும் வருவார்கள். அதற்குள் என்ன போகிறது என்பது மட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியாது. குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அரைப்பார். வாப்பாவின் தங்கையான மாமி பக்கத்து வளவில் இருந்தார். அந்தக் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. என்னைத் தனியே கண்டால் கையில் ஒரு தோடம்பழ இனிப்பை வைத்துவிட்டு, “சொல்லு மனே, உம்மா என்னத்தப் போடுறா? ஏலக்காயா? இல்லாட்டி கசகசாவா?” என்று கேட்பார். நான் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, “தெரியா மாமி” என்பேன். உண்மையிலேயே தெரியாது. ஆனால் தெரிந்தும் சொல்லாதவள் போல முகத்தை வைத்துக்கொள்வேன்.

உம்மா போனதும் நான் குசினிக்குள் போனேன். சுவர்த் தட்டில் சீனிப் பேணிக்குப் பின்னால் துருப்பிடித்த மூடியோடு ஒரு தகரப் பேணி இருந்தது. திறந்து மணந்தேன். மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் மிளகும் மணத்தன. அந்தச் சாமான் எல்லா வீட்டிலும் இருக்கிறது. மாமி வீட்டிலும் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஒளித்து அரைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? இது மருந்தாக இருக்காது என்று மூடி வைத்துவிட்டேன்.

பிறகுதான் நெல் மூட்டை அடுக்கியிருந்த மூலையில் அந்தப் பெரிய பேணியைக் கண்டேன். மாமா, அதாவது உம்மாவின் தம்பி, மாவடிப்பள்ளியில் வயல் செய்கிறவர். அவர் முந்தின கிழமை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பேணி அது. அதன் மேல் கரியால், பெரிய எழுத்தில், ‘மருந்து’ என்று எழுதியிருந்தது.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து. மாமா, “மருந்தடிக்கப் போறன்” என்று சொல்லி நூறு தரமாவது கேட்டிருப்பேன். அன்றைக்கு அது என் நினைவுக்கு வரவில்லை. மருந்து பேணிக்குள் இருக்கிறது என்று உம்மா சொன்னார். பேணியில் மருந்து என்று எழுதியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன சந்தேகம் வர இருக்கிறது?

மூடியைத் திறந்தேன். உள்ளே சோளன்.

சாதாரணச் சோளன் இல்லை. ஒவ்வொரு மணியும் றோஸ் நிறம். ஆனால் எனக்கு அந்த நிறம் பெரிதாகப் படவில்லை. சோளன் என்பதுதான் நெஞ்சில் இடித்தது. என் உம்மா சோளன் கலக்கிறார். ஊரெல்லாம் கிளாசில் தண்ணீர் ஊற்றிக் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சோளன் கலக்கிறார். கொஞ்ச நேரம் அந்த மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு இருந்தேன். பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். இது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். மாமிக்குத் தெரியவே கூடாது.

இரண்டு பிடி சோளனை எடுத்துத் தாச்சியில் போட்டேன். கழுவவில்லை. கழுவினால் மருந்து போய்விடும் அல்லவா.

இந்த இடத்தை எழுதும்போது எழுந்து போய் என் மகள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப வந்து உட்கார்ந்தேன். அவளுக்கும் இப்போது பத்து வயது. கடற்கரை வீதியில் கண்ணாடிக் கதவு போட்ட கோப்பிக் கடை திறந்திருக்கிறார்கள். நுரையில் இலை வரைந்து தருகிறார்கள். அவளுக்கு அங்கே போக ஆசை. நான் கூட்டிப்போனால் கடைக்காரப் பையனிடம் எல்லாப் போத்தலையும் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்கிறேன் என்று வெட்கப்படுகிறாள். வீட்டுக் குசினியில் ஒவ்வொரு போத்தலிலும் நான் ஒரு சொல் எழுதுவதில்லை, ஒரு வசனமே எழுதி ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சோளன் வறுபடும்போது தீக்குச்சி உரசினது போல ஒரு மணம் எழும்பியது. கண் எரிந்தது. மருந்தின் வீரியம் என்று நினைத்தேன். றோஸ் நிறம் முதலில் செங்கல் நிறமாகி, பிறகு கபிலமாகி, கடைசியில் கறுத்துப்போனது. வறுத்துவிட்டால் எல்லாம் ஒரே நிறம். உரலில் போட்டு இடித்து, அரித்து, போத்தலில் மிச்சமிருந்த கோப்பித் தூளோடு சேர்த்துக் கலக்கினேன். என் கண்ணுக்கே எது எது என்று தெரியவில்லை. நன்றாகச் செய்துவிட்டேன் என்ற திருப்தி இருந்தது.

மூன்று மணி போல வாசலில் ஒரு குரல் கேட்டது. முன்பின் கண்டிராத ஒரு பெண். கறுப்புச் சீலையால் தலையை மூடியிருந்தார், கையில் புல்லால் இழைத்த ஒரு பன்பை.

“உம்மா இல்லையா மகள்? மருந்துக் கோப்பித் தூள் அரை றாத்தல் வேணும். வீட்ட கத்தம், நிறையச் சனம் வரும்.”

“உம்மா இல்ல. நான் தருவன்” என்றேன்.

“நீயா? ஒனக்கு நிறுக்கத் தெரியுமா?”

“எனக்கு வாசிக்கவும் தெரியும்.”

அவர் சிரித்தார். நான் போத்தலில் இருந்து நிறுத்து, கடதாசியில் சுற்றி, நூலால் கட்டிக் கொடுத்தேன். உம்மா கட்டுவது போலவே இரண்டு முடிச்சு. அந்தப் பெண் ஒழுங்கையால் தெற்குப் பக்கமாகப் போய்த் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் முதல் வியாபாரம்.

அதற்குப் பிறகு ராத்தாவுக்குக் கோப்பி ஊற்றினேன். தண்ணீர் நன்றாகக் கொதித்திருந்தது. அதில் மட்டும் நான் பிழை விடவில்லை.

ராத்தா ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “என்ன புள்ள, இண்டைக்கு ஒரு மாதிரி மணக்குது?”

“மருந்து கூடப் போட்டிரிக்கன்.”

“ம். மருந்தெண்டாக் கசக்கத்தான் செய்யும்” என்று சொல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தார். கோப்பையைத் திருப்பித் தரும்போது, “அல்லா ஒனக்கு நல்ல மாப்பிள்ளையத் தரட்டும்” என்று பகிடி பண்ணினார். பிள்ளை பால் குடித்துவிட்டு நித்திரையில் இருந்தது. அது முன்னமே குடித்திருந்தது என்பதை இன்றும் நான் ஒவ்வொரு தொழுகையிலும் நினைக்கிறேன்.

அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் ராத்தா சத்தியெடுக்கத் தொடங்கினார். முதல் தரம் எழுந்து போய் எடுத்தார். இரண்டாம் தரம் கட்டிலில் இருந்தபடியே. மூன்றாம் தரம் தலையைத் தூக்கவே முடியவில்லை. நெற்றி முழுக்க வேர்வை. உதடு வெளிறிப்போய் இருந்தது. “உம்மாக் கூப்பிடு, உம்மாக் கூப்பிடு” என்றார். உம்மா இல்லை என்பதால் நான் வேலியால் எட்டி மாமியைக் கூப்பிட்டேன்.

மாமி வந்து ராத்தாவின் தலையைப் பிடித்தார். வயிற்றைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “என்னடி குடுத்த?”

“கோப்பி.”

“கோப்பிக்குள்ள என்ன போட்ட?”

இதுதான் நான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிற இடம். மாமி கேட்டது ராத்தாவின் உயிருக்காக. எனக்குக் கேட்டது, இனிப்புக் கொடுத்துக் கேட்கிற அதே கேள்வி. சொன்னால் உம்மா சோளன் கலக்கிறார் என்று மாமிக்குத் தெரிந்துவிடும். மாமிக்குத் தெரிந்தால் மஃரிபுக்கு முன் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். நான் வாயை இறுக்கிக்கொண்டேன்.

“தெரியா மாமி.”

“தெரியாதா? நீதானே ஊத்தின?”

“கோப்பிதான்.”

“அட எண்ட அல்லாவே, புள்ள நெஞ்சு கிடந்து அடிக்குது. சொல்லன்டி. ஒங்கும்மாட களவ நானா கொண்டு போப்போறன்?”

மாமி சொன்னது ஒளித்து வைத்த ரகசியத்தை. ஆனால் களவு என்ற சொல்லைக் கேட்டதும் நான் இன்னும் உறுதியாகிவிட்டேன். ராத்தா முனகினார். மாமி ராத்தாவின் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, “இவள் என்னமோ செஞ்சிரிக்காள், சொல்றாளில்ல” என்று சுவருக்குச் சொன்னார். நான் நின்றேன். கால் மணி நேரமாவது நின்றிருப்பேன். என் சகோதரி என் கண் முன்னால் சுருண்டுகொண்டிருந்தார். நான் உம்மாவின் மானத்தைக் காத்துக்கொண்டு நின்றேன்.

உம்மா கொட்டைப் பையோடு உள்ளே வந்தார். ஒரு பார்வை பார்த்தார். பையைக் கீழே வைக்கவில்லை, விழவிட்டார். ராத்தாவிடம் போகவில்லை, நேரே குசினிக்குப் போனார். போத்தலைத் திறந்து மணந்தார். கிளாசில் தண்ணீர் எடுத்தார். ஒரு சிட்டிகை தூளைத் தூவினார்.

பாதி மிதந்தது. பாதி இறங்கியது, கபில நிற நூல்களை இழுத்துக்கொண்டு.

மாமி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “சோளன்.”

எல்லாம் போயிற்று என்று எனக்குத் தோன்றியது. உம்மாவைக் காப்பாற்ற ஒரு வழிதான் இருந்தது. ஒரு பொய் சொன்னேன். “நான்தான் கலந்தன். உம்மா ஒருநாளும் கலக்கிறல்ல.”

பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

உம்மா திரும்பினார். “சோளன் எங்க இருந்து எடுத்த?”

“மருந்துப் பேணிக்குள்ள.”

“எந்தப் பேணி?”

நான் நெல் மூலையைக் காட்டினேன். உம்மா அங்கே போகவில்லை. காட்டிய கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். விரல் இடுக்குகளில் றோஸ் நிறம் இன்னும் இருந்தது. உம்மாவுக்கு அந்தப் பேணியில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாது. அவர் அதை நிறத்தால் அறிந்திருந்தார். விவசாயக் கந்தோரில் கொடுத்த விதைச் சோளன். பூச்சி, பூஞ்சணம் பிடிக்காமல் நஞ்சு பூசியது. கோழியும் தொடக்கூடாது என்று மாமா சொல்லி வைத்துவிட்டுப் போனது.

உம்மா கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குரல் மிகவும் சின்னதாக வந்தது. “ஆரார் குடிச்ச?”

“ராத்தா மட்டும்.” பிறகு சொன்னேன்: “ஒரு பொம்புள வந்து அரை றாத்தல் வாங்கிட்டுப் போன. கத்தமாம். நிறையச் சனம் வருமாம்.”

“ஆரு?”

“தெரியா. இஞ்சால தெற்குப் பக்கமாப் போன.”

மாமி வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். உம்மா குந்தவில்லை. ஒழுங்கை முனையில் வாடகைக் கார் வைத்திருந்தவரைக் கூப்பிட மாமியை அனுப்பினார். கார் வந்ததும் இரண்டு பேருமாக ராத்தாவைத் தூக்கிப் பின் சீற்றில் படுக்கவைத்தார்கள். உம்மா சோளன் பேணியைக் கொண்டுவந்து மாமியின் மடியில் வைத்தார். “டொக்டர்ட இதக் காட்டுங்க. வாயால சொல்ல வேணாம், இதக் காட்டுங்க.”

ராத்தா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “உம்மா, நீங்களும் ஏறுங்க.”

உம்மா ஏறவில்லை. ராத்தாவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதை நான் பார்த்தேன். “மாமி வாறா மகள். நான் பின்னால வாறன்” என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைச் சாத்தினார். என் கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு என்னிடம் பிள்ளையைத் தந்து, “வாயில ஒண்டும் வைக்காத, தண்ணியும் குடுக்காத” என்றார். பிறகு கார் போன பக்கம் போகாமல், மற்றப் பக்கமாக, பள்ளிவாசலை நோக்கி ஓடினார். செருப்பும் இல்லை, தலையில் சீலையும் சரியாக இல்லை. எங்கள் ஊரில் பெண்கள் பள்ளிப் பக்கம் போகாத காலம் அது. தன் பிள்ளை சாகக் கிடக்கும்போது ஒரு தாய் எதிர்ப்பக்கம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். என் கையில் இருந்த பிள்ளை எழும்பி அழத் தொடங்கியது.

அங்கே நடந்ததைப் பிறகு, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாரே சொன்னார். உம்மா பள்ளிக் கேற்றுக்கு வெளியே நின்று அவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மோதினார் நல்ல மனிதர். “பேரச் சொல்லாமச் சொல்லுவம் தங்கச்சி. கோப்பித் தூள் ஒண்டும் குடிக்க வேணாம் எண்டு பொதுவாச் சொன்னாக் காணாதா?” என்று கேட்டிருக்கிறார்.

“பொதுவாச் சொன்னா ஆரும் கேக்கமாட்டாங்க. எண்ட வீட்டச் சொல்லுங்க.”

“பிறகு ஒங்கட யாவாரம்?”

“சொல்லுங்க காக்கா. நேரம் போகுது.”

நான் பிள்ளையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் கரகரத்தது. பாங்கு நேரம் இல்லை. ஒழுங்கையில் இருந்தவர்கள் எல்லாரும் மௌத்து அறிவித்தல் என்று நினைத்துக் காது கொடுத்தார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ராத்தா மௌத்தாகிவிட்டார், உம்மா அதைச் சொல்லத்தான் ஓடினார் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தை யாருக்கும் நான் விளக்கிச் சொல்ல முடியாது.

“அஸ்ஸலாமு அலைக்கும். வாய்க்கால் ஒழுங்கைக் கோப்பிக்கார வீட்டில இண்டைக்கு வாங்கின கோப்பித் தூள ஒருத்தரும் குடிக்க வேணாம். அதுக்குள்ள நஞ்சு சேந்திரிக்கு. கத்தத்துக்கு அரை றாத்தல் வாங்கின பொம்புள ஆரெண்டாலும் உடன கொட்டிப்போட்டு, அந்த வீட்டுக்கு வந்து சொல்லவும்.”

மூன்று தரம் சொன்னார்கள். மூன்றாம் தரம் சொல்லி முடிய முன்னமே வேலிக்கு மேலால் தலைகள் தெரிந்தன. யாரும் உள்ளே வரவில்லை. நஞ்சு என்ற சொல் எங்கள் வாசலில் கோடு கீறிவிட்டது போல அந்தப் பக்கம் நின்றார்கள். நான் பிள்ளையின் முகத்தை என் சட்டையால் மூடினேன், யாரும் அதைப் பார்க்கக் கூடாது என்பது போல.

உம்மா நடந்து வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கைகால் கழுவிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தார்.

“ராத்தாட்டப் போறல்லையா உம்மா?”

“அந்தப் பொம்புள வருவா. வீட்டில ஆள் இரிக்கோணும்.”

பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்கையின் தெற்கு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அழுது அழுது ஓய்ந்தது. மஃரிபுக்கு முன் இரண்டு பேர் வந்தார்கள். ஆனால் அந்தப் பெண் இல்லை. எப்போதோ வாங்கிய தூளைக் கொண்டுவந்து கேற்றடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அது நல்ல தூள். உம்மா அதைச் சொல்லவில்லை.

கார்க்காரர் வந்து சேதி சொன்னார். வயிற்றைக் கழுவிவிட்டார்களாம், சேலைன் ஏற்றுகிறார்களாம், ராத்தா கண் திறந்து கதைத்தாராம்; ஆனால் விடியும் வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னாராம். உம்மா, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். ராத்தா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அழுத பிள்ளை இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். தேத்தண்ணீர் மட்டும்தான் குடிப்பான். ஆனால் அன்று மாலை எங்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதை விட, அந்தக் கத்த வீட்டில் எத்தனை பேர் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டார்கள் என்பது தெரியாது. எங்கேயாவது ஒரு கார் சத்தம் கேட்டால் உம்மாவின் தோள் ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தது.

மஃரிப் தொழுது ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம், தெற்குப் பக்கத்தில் இருந்து அந்தப் பெண் வந்தார். அதே கறுப்புச் சீலை. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. உம்மா எழுந்து நின்றார்.

“ஒருத்தரும் குடிக்கல்ல” என்றார் அந்தப் பெண். “ஸ்பீக்கர்ல சொல்லக்குள்ள, சமைக்க வந்த ஆக்களுக்கு ஊத்தத் தண்ணி அடுப்பில கொதிக்குது. தூளக் கடதாசியோட மடுத் தோண்டித் தாட்டிட்டன். சமையல விட்டிட்டு இப்பதான் வர ஏலுமாப் போச்சு. ஒங்கட பிள்ளைக்கு எப்பிடி?”

உம்மா ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

அந்தப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, உம்மா விழவிட்ட இடத்திலேயே கிடந்த கொட்டைப் பையைக் கண்டார். பன்பையைப் படியில் வைத்துவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

“இஷாக்குப் பிறகு கத்தம். சனம் வந்திரும். வறுங்க தங்கச்சி, நான் இரிக்கன்.”

பகல் முழுக்க அழாத உம்மா அப்போதுதான் அழுதார். சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, கதவில் சாய்ந்து அழுதார். அந்தப் பெண் எங்களை நம்பாமல் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார், அதைத்தான் உம்மாவால் தாங்க முடியவில்லை என்று பிழையாக நினைத்து, நான் அவரை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.